வேலூரை வரையச் சொன்னோம்

பாபு ராவ் தெருவில் நடக்கும்போது முதலில் கண்ணில் படுவது பலகைகள்தான். தமிழ், ஆங்கிலம், கூடவே வங்காளி. மருந்துக் கடை, லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, ரயில் டிக்கெட் எடுத்துத் தருகிற கடை என்று எல்லாப் பலகையிலும் வங்காளி எழுத்து இருக்கும். சில கடைகளில் அது தமிழை விடப் பெரியதாகவே இருக்கும். ஆட்டோக்காரர்கள் "ஆஸுன் தாதா, ஆஸுன்" என்று கூப்பிடுவார்கள். மளிகைக் கடையில் நல்லெண்ணெய் பக்கத்திலேயே கடுகெண்ணெய் இருக்கும். முதல்முறை வேலூருக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். கொசப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் கடைப் பலகையில் இடம் கிடைத்தவர்களுக்கு ஊரிலும் இடம் கிடைத்துவிட்டதா என்பது வேறு கேள்வி. வியாபாரத்துக்கு ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள நமக்கு அதிக நாள் ஆகவில்லை. அந்த மொழி பேசுகிறவர் பக்கத்து வீட்டில் வாடகைக்கு வருகிறேன் என்றால் மட்டும் யோசிக்கிறோம்.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். ஊர்விட்டு ஊர் வந்தவர்களோடு சேர்ந்து செய்யப்படும் கலையைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அதில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்கும். "உங்க ஊர் எப்படி இருக்கும்? அதை வரைந்து காட்டுங்க." உடனே ஓர் ஆறு வரும், ஓலை வீடு வரும், வாசலில் அம்மா நிற்பார். பார்க்க வந்தவர்கள் கண் கலங்குவார்கள். அந்தக் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் சுவரில் ஏறியவுடன், அதை வரைந்தவர் மறுபடியும் வேற்றூர்க்காரர் ஆகிவிடுகிறார். இங்கே பத்து வருடம் உழைத்திருந்தாலும் சரி, கலை அவரைப் பிடித்து அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பிவிடுகிறது. அவரிடம் கேட்க வேண்டியது இந்த ஊரைப் பற்றித்தான் என்று நான் நம்புகிறேன். வேலூரை அவர் வரையட்டும். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தக் கடையில் மரியாதையாகப் பேசுவார்கள், எந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஓர் ஊரை இந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருப்பவரை அந்த ஊருக்கு அந்நியர் என்று சொல்ல வாய் வராது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார். ராஜா இல்லாத கோட்டை என்பதும் பாதிதான் உண்மை. ராஜாக்கள் இருந்தார்கள், கைதிகளாக. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816-ல் கொண்டுவந்தார்கள். அவர் 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதற்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளை இங்கே வைத்திருப்பது ஆபத்து என்று கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான குலாம் முகமது 1842-ல் கட்டிய திப்பு சுல்தான் மசூதி இன்றும் கல்கத்தா நகரின் நடுவில் நிற்கிறது. அன்று இங்கிருந்து ஒரு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இன்று அந்தப் பக்கத்திலிருந்து தினமும் எத்தனையோ குடும்பங்கள் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகின்றன.

அவர்கள் வருவது சிஎம்சி மருத்துவமனைக்காக. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை நிலையம் அது. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இவர்களைப் புலம்பெயர்ந்தவர்கள் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "பேஷண்டு பார்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். ஆனால் இரண்டு வாரம் என்று நினைத்து வந்தவர் ஆறு மாதம் இருப்பார். புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்று என்றால் இன்னும் நீளும். அந்த மாதங்களில் சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கூட வந்த பிள்ளையின் படிப்பைப் பார்க்க வேண்டும், ஊரில் இருக்கும் நிலத்தை போனிலேயே விற்க வேண்டும். இதற்குப் பெயர் வாழ்க்கைதானே?

என் குடும்பமும் வந்த குடும்பம்தான். தாத்தா சித்தூர் பக்கம். 1911 வரை வடஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான் என்பதால் அவர் எங்கும் "வந்ததாக" நினைத்திருக்க மாட்டார். எங்கள் ஆயா கடைசிவரை தெலுங்கில்தான் சாமி கும்பிட்டார், தமிழில்தான் திட்டினார். வேலூரில் இப்படி இல்லாத குடும்பம் குறைவு. உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், மார்வாடிக் கடைக்காரர்கள் என்று யாரைக் கேட்டாலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு வண்டிப் பயணம் இருக்கும்.

எங்கள் வேலை சின்னதாகத்தான் தொடங்கியது. நான், கல்லூரியில் வரலாறு சொல்லித் தரும் என் தோழி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் பாய், வங்காளி சரளமாகப் பேசுகிற ஆட்டோ அண்ணன். எந்த அமைப்பும் இல்லை, நிதியும் இல்லை. பாய் நாலு முழம் காடா துணி கொடுத்தார். அதில் பென்சிலால் நாலு கோடு மட்டும் போட்டேன். பாலாறு, ரயில் பாதை, கோட்டை அகழி, மலை. மீதி முழுக்க வெற்றுத் துணி. கடைக்கு வருகிறவர்கள் வேலூரில் தங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தை அதில் தைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டோம்.

ஏன் தையல்? காத்திருப்பவர் கைக்கு அது பொருந்தும். ஓபிடி வரிசையில் காலை முழுதும் போய்விடும், ஸ்கேன் ரிசல்ட் வர நாளாகும். பெயின்ட்டும் பிரஷும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார முடியாது, ஊசி நூலோடு உட்காரலாம். இன்னொரு காரணத்தை நான் சொல்லாமலே வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வங்காளப் பெண்களுக்கு காந்தா தையல் தெரியும். பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போய்ப் போர்வை ஆக்குகிற வேலை அது. அந்த எளிய ஓட்டத்திலேயே மீன், தேர், யானை எல்லாம் வந்துவிடும். எங்கள் துணியில் முதலில் வந்தது அடுப்பு.

மால்டா பக்கத்திலிருந்து கணவரின் சிகிச்சைக்காக வந்திருந்த ஓர் அக்கா அதைத் தைத்தார். லாட்ஜ் அறைகளில் சமைத்துக்கொள்ள வசதி இருக்கும். கேஸ் அடுப்பு, குக்கர், சட்டி எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அவர் அடுப்பைத் தைத்து, அதைச் சுற்றி ஏழு சின்னக் கட்டங்கள் போட்டார். ஒரு வாரத்துக்கு அடுப்புக்குக் கொடுக்கிற காசு என்றார். அந்த அடுப்பில் யார் யார் சமைத்திருப்பார்கள் என்று தினமும் யோசிப்பாராம். முந்தின குடும்பத்து நோயாளி பிழைத்துப் போனாரா என்று லாட்ஜ் பையனிடம் ஒருநாள் கேட்டிருக்கிறார். அவன் பதில் சொல்லவில்லை. அதனால் குக்கரைத் தனியாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சோறு வைக்கிறார். இதை ஆட்டோ அண்ணன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டார். இருபது வருடமாக இந்த மக்களை ஏற்றி இறக்குகிறவர் அவர்.

அந்த அக்கா ஊருக்குப் போகும் நாளில் துணியில் மீன் மார்க்கெட் பாதி நின்றுபோனது. அடுத்து வந்தவர் முர்ஷிதாபாத்காரர். முன்னவரைப் பார்த்ததே இல்லை. பாதி மீனைப் பார்த்ததும் இது ரோகு என்று சொல்லி வாலைத் தைத்து முடித்தார். பிறகு அதன் பக்கத்தில் ஓர் ஆள் உருவம் வைத்தார். யார் என்று கேட்டோம். மீனை வங்காளி முறையில் வெட்டித் தரக் கற்றுக்கொண்ட வேலூர்க் கடைக்காரராம். தலையைத் தனியாக, துண்டைப் பெரிதாக வெட்டித் தருவாராம். "அவர் பெயர் தெரியாது, ஆனா அவர்கிட்ட மட்டும்தான் நான் சிரிச்சுப் பேசுவேன்" என்றார்.

இப்படித்தான் துணி வளர்ந்தது. யாரும் முழுசாக எதையும் முடிக்கவில்லை. எல்லோருக்கும் ரயில் இருந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் ஊசியை எடுத்தார். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் ஒரே தெருவைச் சேர்ந்து தைத்தார்கள். ஊரில் நிலையாக இருப்பவர்கள்தான் ஊருக்கு உரியவர்கள் என்ற எண்ணம் எனக்கும் ஆழமாக இருந்தது. மூன்று வாரம் இருக்கிறவருக்கும் ஊரில் பங்கு உண்டு என்பதை இந்தத் துணிதான் கண்ணுக்குக் காட்டியது.

மொராக்கோவில் பிறந்த புஷ்ரா கலீலி என்ற கலைஞர் 2008-லிருந்து 2011 வரை ஒரு வேலை செய்தார். எட்டு காணொளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வரைபடமும் ஒரு கையும் மட்டும்தான் தெரியும். சட்டப்படி போக வழியில்லாமல் நாடு நாடாக அலைந்த ஒருவர், தன் பயணத்தை மார்க்கரால் கோடு இழுத்துக்கொண்டே சொல்வார். முகம் காட்டவில்லை என்பதே அதன் பலம் என்று எனக்குத் தோன்றும். வழி சொல்லும் அதிகாரம் முழுக்க அந்தக் கையிடம் இருக்கிறது. நாங்களும் முகம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நோயோடு இருப்பவரைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பாலஸ்தீனக் கலைஞர் எமிலி ஜாசிர் 2001-க்கும் 2003-க்கும் நடுவில் செய்ததும் மனதில் இருந்தது. அவரிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்ததால் பல பாலஸ்தீனர்கள் போக முடியாத இடத்துக்கு அவரால் போக முடிந்தது. அங்கே உங்களுக்காக நான் எதைச் செய்யட்டும் என்று அவர்களைக் கேட்டார். அம்மாவின் கல்லறையில் பூ வை என்றார் ஒருவர். போன் பில் கட்டு என்றார் ஒருவர். ஹைஃபாவில் முதலில் கண்ணில் படுகிற பாலஸ்தீனப் பையனோடு பந்து விளையாடு என்றார் இன்னொருவர். அவர் போய்ச் செய்தார். கேட்டதைச் செய்துகொடுப்பதும் கலைக்குள் வரும் என்று எனக்குப் புரியவைத்தது அந்த வேலைதான். எங்கள் துணியின் ஒரு மூலையில் கோரிக்கைகளுக்கு இடம் விட்டது அதனால்தான். பெரும்பாலும் சின்னச் சின்னக் கோரிக்கைகள். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதை யாராவது நிதானமாகப் படித்துச் சொல்லட்டும். மொட்டை மாடியில் துணி காயப்போட இன்னொரு கொடி வேண்டும். இரண்டாவதை அந்த லாட்ஜ்காரரே மறுநாள் கட்டிக்கொடுத்தார். கேட்டிருந்தால் முன்னாலேயே செய்திருப்பேனே என்றார். கேட்கிற மொழி இல்லாமல்தான் இத்தனை நாள் ஈரத்துணி அறைக்குள்ளே கிடந்திருக்கிறது.

நோயாளிகளோடு வந்தவர்களோடு மட்டும் நிற்கக் கூடாது என்று தோழி பிடிவாதமாக இருந்தாள். அது சரிதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில், கட்டிட வேலையில், ஓட்டல்களில் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் சொந்தம். அந்த மதியத்தைக் கலைக்காகச் சும்மா கொடு என்று கேட்பது நியாயமில்லை. அதனால் அரைநாள் கூலியை ஆளுக்குக் கொடுத்தோம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கூட்டுக் கலை என்று பெயர் வைத்துவிட்டு, கலைஞருக்குப் பேரும் உழைப்பாளிக்கு டீயும் பிஸ்கட்டும் என்று முடிப்பது பழைய சுரண்டல்தான்.

அவர்களுக்குத் தையல் பிடிக்கவில்லை. போன் இருக்கிறது, போட்டோ எடுக்கிறோம் என்றார்கள். 1990-களில் கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்கள் கையில் கேமரா கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களே படமெடுத்துப் பேச வைத்தார்கள். போட்டோவாய்ஸ் என்ற அந்த முறை இன்று உலகம் முழுதும் நடக்கிறது. எங்கள் பையன்களுக்கு யாரும் கேமரா கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்த படத்தைப் பற்றிக் கேட்கத்தான் இதுவரை ஆள் இல்லை.

ராணிப்பேட்டையில் வேலை செய்கிற ஒரு பீகார்க்காரர் எடுத்தவை எல்லாம் பஸ் பலகைகள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுத்தின் உருவத்தை மனப்பாடம் செய்து பஸ் ஏறுகிறார். ஆற்காடு என்றால் முதலில் ஒரு பெரிய சுழி வரும், வாலாஜா என்றால் கால் கால் என்று நிறைய வரும் என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். நான் இத்தனை வருடம் குழந்தைகளுக்குக் கோடும் வளைவும் சொல்லித் தருகிறேன், தமிழ் எழுத்தை இவ்வளவு உற்றுப் பார்த்த ஒருவரைக் கண்டதில்லை. இன்னொரு படத்தில் அவருடைய பூட்ஸ் காய்கிறது. குரோம் பதனிட்ட தோலின் நீலம் அதில் ஏறியிருந்தது. அந்தத் தோலுக்கு "வெட் ப்ளூ" என்றுதான் அங்கே பெயர். அந்த நிறம் நகத்திலும் கொஞ்ச நாள் நிற்கும் என்றார்.

பரோட்டா கடையில் வேலை பார்க்கும் அசாம் பையன் இரவை மட்டும் எடுத்திருந்தான். கடை சாத்துவது நள்ளிரவுக்கு மேல். அவனுடைய வேலூரில் வெயிலே கிடையாது. எங்களுக்கோ வேலூர் என்றாலே வெயில்தான்! அவனுடைய ஒரு படத்தில் போன் திரை மட்டும் இருந்தது, அம்மாவிடமிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின அல்லவா, அந்த நாட்களில் எடுத்து வைத்த படம். அவை பொய் என்று போலீஸ் உடனே அறிவித்தது. அவனுக்கும் பொய் என்று தெரியும். ஆனாலும் அந்த வாரம் கடையிலிருந்து அறைக்குத் தனியாக நடக்கவில்லை என்றான். கூட நடந்தவர் யார் என்று கேட்டேன். மாவு பிசைகிற திருவண்ணாமலைக்கார அண்ணன். "அண்ணா ஒண்ணும் பேசாது. சும்மா கூட வரும்" என்றான், அவனுடைய தமிழில்.

மேல்மொணவூர் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் முகாம்களுக்குப் புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை அங்கேதான் தொடங்கி வைத்தார். 2023 செப்டம்பரில் வீடுகள் திறக்கப்பட்டன. பழைய தகரக் கொட்டகைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் வீடு வந்த மாதிரி குடியுரிமை வரவில்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இலங்கையைப் பார்த்தே இராத ஒரு தலைமுறை எங்கள் மாவட்டத்தில் வளர்ந்து நிற்கிறது.

முகாம் ஒன்றில் பிறந்த ஒரு பெண் தையல் கடைக்கு வந்தாள். ஜவுளிக் கடையில் வேலை. கடையில் எங்களைப் போலவே "இன்னாக்கா, இந்த கலர் ஓகேவா" என்பாள். அம்மாவோடு போனில் பேசும்போது தமிழ் அப்படியே மாறிவிடும். பள்ளியில் அந்தத் தமிழைப் பிள்ளைகள் நடித்துக் காட்டிச் சிரித்ததால் சின்ன வயதிலேயே இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டாள். அவள் துணியில் ஜவுளிக் கடையைத் தைத்தாள், நேதாஜி மார்க்கெட்டில் பூ வாங்குகிற இடத்தைத் தைத்தாள், கோட்டைப் பூங்காவில் தோழியோடு உட்காரும் பெஞ்சைத் தைத்தாள். கடைக்கு வந்திருந்த ஒருவர் அக்கறையோடுதான் கேட்டார், உங்கள் முகாம் எங்கே, அதைக் காணோமே என்று. "அதை ஏன் கேக்கிறியள்? எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்தானே. நான் போற வாற இடத்தைத் தைக்கிறன்" என்றாள். அவ்வளவு பேர் நடுவில், தன் வீட்டுத் தமிழில். நான் இந்தக் கட்டுரை முழுக்க விளக்கிக்கொண்டிருப்பதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

துணி பாதிக்கு மேல் நிறைந்தபோது உள்ளூர்க்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். "இன்னா டீச்சர் இது, நம்ம சத்துவாச்சாரியே இதுல இல்லியே!" என்றார் ஒருவர். உண்மைதான். தங்கக் கோயில் இல்லை, பாகாயம் இல்லை, பள்ளிக்கூடங்கள் ஒன்றுகூட இல்லை. நாங்கள் பெருமையோடு காட்டும் கோட்டை, துணியில் வெறும் நிழலும் பெஞ்சுமாக இருந்தது. ஆனால் தெருக்குழாய்கள் இருந்தன. எந்த மருந்துக் கடைக்காரர் சில்லறை தருவார் என்பது இருந்தது. இரவில் எந்த நாய் குரைக்கும் என்பதுகூட இருந்தது. வந்தவர்களுடைய வேலூரும் எங்கள் வேலூரும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, தொடுகிற இடங்கள் மிகக் கொஞ்சம். அந்தத் தொடுகிற இடங்களை மட்டும் சிவப்பு நூலால் தைக்கலாம் என்று பாய் சொன்னார். மீன்காரர், கொடி கட்டிய லாட்ஜ்காரர், மாவு பிசைகிற அண்ணன், பாயின் கடை. இன்னும் சில. துணியின் அளவுக்குச் சிவப்பு ரொம்பக் குறைவு. அதைப் பார்த்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஒரு மாலை லாட்ஜ் மொட்டை மாடியில் நாடகம் போட்டோம். செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் கலைஞர் வந்திருந்தார். கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் இருக்கிற அந்த மண்ணில் கூத்து என்பது இன்றும் உயிரோடு இருக்கிற விஷயம். கட்டியங்காரனாக அவர் நடுவில் நின்றுகொண்டு, பார்க்கிறவர்களை ஒவ்வொருவராக இழுத்து உள்ளே விட்டார். பாத்திரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் விதி. பிரேசிலின் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த முறை இது. 1985-ல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி குழு மேற்கு வங்கக் கிராமங்களில் பல வருடங்களாக இதைச் செய்து வருகிறது. அதனால் வந்திருந்தவர்களில் ஒருவருக்கு இந்த விளையாட்டு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

எங்கள் ஆட்டோ அண்ணன் கல்கத்தாவில் அறை கேட்டு நிற்கிறார். கரக்பூர்க்காரர் ஒருவர் லாட்ஜ் மேனேஜர். மேனேஜர் தலை நிமிரவில்லை. ஆதார் கொடு. அட்வான்ஸ் கொடு. எத்தனை பேர்? அப்புறம் கேட்டார், "என்ன வியாதி?" அண்ணன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மேனேஜர் மறுபடி கேட்டார், "என்ன வியாதி? ஒட்டிக்குமா?" மாடியில் சத்தம் நின்றுவிட்டது. பேர் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வேலூரில் அவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆட்டோவில், கடையில், லிஃப்டில் கேட்கிறோம். அக்கறையில்தான் கேட்கிறோம் என்றார் ஒருவர் கீழே இருந்து. கரக்பூர்க்காரர் அதை மறுக்கவில்லை. "தினம் இருபது பேர் அக்கறைப்பட்டா, நான் வியாதி மட்டும்தான்னு ஆயிடுது" என்றார். மொழிபெயர்த்த அண்ணனின் குரல் உடைந்திருந்தது.

கோலமும் அல்பனாவும் சேர்த்துப் போட வைக்கலாமே என்று எங்களிடம் சொல்லாதவர் இல்லை. அரிசி மாவில் நாம் போடுகிறோம், அரிசி மாவைக் கரைத்து அவர்களும் விரலால் போடுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஒரு பொங்கலுக்குப் போட்டோம், அழகாகவே இருந்தது, எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பண்டிகையில் ஒன்றாக இருப்பது சுலபம். கஷ்டம் செவ்வாய்க்கிழமை காலை லிஃப்டில்தான்.

கலையால் என்ன ஆகும், வாடகை குறையுமா என்று என் சகோதரர் கேட்டார். குறையவில்லை. 2020 மே மாதம் ஊரடங்கில் சிக்கிய நோயாளிகளை ஏற்றிக்கொண்டு காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் போனபோது, அவர்களுக்கு உதவியது அதிகாரிகளும் தன்னார்வலர்களும்தான், ஓவியர்கள் இல்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரை வியாதியாகவும் கூலியாகவும் முகாமாகவும் பார்க்கிற கண், வாடகை குறைந்தால் மாறிவிடாது. அதை மாற்ற, அவர் கையால் செய்த ஒன்றை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறிய பிறகு வங்கதேசத்தவருக்கு விசா கிடைப்பது கடினமானது. லாட்ஜ்களில் அறைகள் காலியாயின. துணியிலும் அது தெரிந்தது. ராஜ்சாஹியிலிருந்து வந்த ஒருவர் தொடங்கிய தெரு ஒன்று இன்னும் பாதியில் நிற்கிறது. மறு பரிசோதனைக்கு வரும்போது முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். வேறு யாரும் அதைத் தைக்க வேண்டாம் என்று பாய் அந்த இடத்தில் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார்.

துணி இப்போது தையல் கடையில்தான் இருக்கிறது. கண்காட்சிக்குக் கேட்டார்கள், தரவில்லை. இங்கே இருந்தால்தான் அடுத்து வருகிறவர் தைக்க முடியும். அதைப் பார்த்து ஒரு கையடக்க வரைபடம் செய்து, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து வைத்திருக்கிறோம். தமிழ், வங்காளி, இந்தி மூன்றிலும். புதிதாக வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கடை மூடிவிட்டது, அந்தக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, மீன் விலை ஏறிவிட்டது. போன வாரம் ஜவுளிக் கடைப் பெண் வந்து, பெண்கள் போகக்கூடிய கழிப்பறைகள் ஒன்றுகூட வரைபடத்தில் இல்லை என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் பழைய பஸ் ஸ்டாண்டில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து வரப்போகிறோம். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்கிறாள்.